பெட்டிக்காரரின் பழுது மணி

அவரிடம் சுகம் விசாரிக்கக் கூடாது என்பதை நான் முதல் நாளே தெரிந்துகொண்டேன். பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றவரிடம், ஊர் வழக்கப்படி, "என்ன, சுகம்தானே?" என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே பதில்தான். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு அவரவர் பாட்டில் போய்விடுவோம். இவர் செருப்பை மறந்துவிட்டு நின்று யோசித்தார்.

"அல்ஹம்துலில்லாஹ். ஆனா வலது காதுக்குள்ள கொஞ்ச நாளா குத்துது. நித்திரையும் குறைவு. மத்ததெல்லாம் சரி," என்றார்.

எனக்குப் பின்னால் ஆட்கள் இறங்க வழியில்லாமல் நின்றார்கள். காதுக்கு என்ன மருந்து என்று ஒருவர் சொல்லத் தொடங்க, அந்த மருந்தை ஏற்கெனவே போட்டுப் பார்த்ததாகவும் சரிவரவில்லை என்றும் அவர் விளக்கமாகச் சொன்னார். அன்று நான் பசியோடுதான் வீடு போய்ச் சேர்ந்தேன்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. ஊரும் அந்தப் பெயரை அவ்வளவாகப் பாவித்ததில்லை. பெட்டிக்காரர் என்போம். அவருடைய ஆட்கள் சவளக்கடைப் பக்கம் வயல் செய்கிறவர்கள். இவர் மட்டும் படித்துக் கொழும்பில் ஓர் அரசாங்க இலாகாவில் அளவு கருவிகள் பார்க்கிற வேலைக்குப் போய்விட்டார். யாராவது மரியாதைக்கு "இஞ்சினியர்" என்று கூப்பிட்டால் அந்த இடத்திலேயே திருத்துவார். "நான் டெக்னீசியன். இஞ்சினியர் வேற ஆள். அவர் வரல்ல."

ரஷ்யாப் பக்கம் அணு உலை ஒன்று வெடித்துக் காற்றெல்லாம் கெட்டுப்போனது என்று செய்தி வந்ததல்லவா, அதற்கு அடுத்த வருஷம் அவரை எங்கள் ஊருக்கு அனுப்பினார்கள். தகரப் பேணியில் வருகிற வெளிநாட்டுப் பால்மாத் தூள் என்றாலே அப்போது சனத்துக்குப் பயம். அந்தக் காற்றுப் பட்ட புல்லைத் தின்ற மாட்டுப் பாலா இது என்று கடைக்குக் கடை கேட்டார்கள். மருதமுனையில் கேட்டார்கள், காரைதீவில் கேட்டார்கள், பிள்ளை வைத்திருந்த எந்த வீட்டிலும் இதே பேச்சு. கரையோர ஊர்களுக்கான பால்மா எங்கள் கூட்டுறவுச் சங்கக் களஞ்சியத்திலிருந்துதான் பிரிந்து போகும். நான் அந்தக் களஞ்சியத்தின் மனேஜர். ஆகவே பெட்டியும் பெட்டிக்காரரும் என் தலையில் வந்து விழுந்தார்கள்.

பெட்டி என்றால், உள்ளே ஈயத்தகடு அடித்த ஒரு கனத்த பெட்டி. கீழே ஒரு தட்டு, மேலே ஒரு குழாய். பால்மாவைத் தட்டில் பரப்பி மூடியைப் போட்டால் குழாய் உள்ளிருக்கும் கதிர்வீச்சை எண்ணும். எண்ணுவது வெளியே சில்வண்டு மாதிரி டிக், டிக் என்று கேட்கும். முதல் நாள் அவர் தட்டில் ஒன்றும் வைக்காமலே மூடினார். வெறும் தட்டுக்கும் டிக், டிக் என்றது. நான் இரண்டடி பின்னால் போனேன்.

"பயப்படாதீங்க மனேஜர். இது சும்மா இரிக்கிற சத்தம். மண்ணில இரிக்கி, சுவரில இரிக்கி, மேல ஆகாசத்திலயும் இரிக்கி. ஆதம் நபிட காலத்தில இரிந்து இரிக்கி. இதுக்கு நான் அடிக்கணக்கு எண்டு பேர் வெச்சிரிக்கன். பால்மாவ வெச்சாப் பிறகு இந்த அடிக்கணக்குக்கு மேல எவ்வளவு ஏறுதெண்டு பாக்கணும். அவ்வளவுதான் வேல."

அந்த அடிக்கணக்கு ஒரே மாதிரி நிற்பதில்லையாம். வெயிலுக்கு ஒரு மாதிரி, மழைக்கு ஒரு மாதிரி கொஞ்சம் அசையும். அதனால் பெட்டியே அடிக்கடி வெறும் தட்டை அளந்து, அசைவுக்குத் தக்கபடி தன் கணக்கை மாற்றிக்கொள்ளும். இதுவரை எனக்குச் சந்தோஷம். ஆனால் அவர் அதற்கு மேலே ஓர் எல்லையும் கீழே ஓர் எல்லையும் வைத்தார். அடிக்கணக்கு இந்த இரண்டில் எதைத் தாண்டினாலும் மூடி பூட்டிக்கொள்ளும், பெரிய மணி ஒன்று அடிக்கும். நல்லது கெட்டது என்று பெட்டி ஒன்றுமே சொல்லாது. பழுது என்று மட்டும் கத்தும்.

"மேல ஏறினா அடிக்கட்டும் காக்கா. கீழ இறங்கினா ஏன் அடிக்கணும்? குறைஞ்சா நல்லதுதானே?" என்று கேட்டேன். மூத்தவர்களை நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

"குழாய் செத்துப்போனா சத்தமே வராது. சத்தம் வராட்டி நீங்க சுத்தம் எண்டு நினைப்பீங்க. நினைச்சிட்டுப் புள்ளைக்குக் குடுப்பீங்க."

"சரி, மேல ஏறினா? பெட்டிதான் ஏறினதுக்குத் தக்க மாத்திக்கொள்ளுதே?"

"கொஞ்சம் கொஞ்சமா ஏறினா மாத்திட்டே போகும். பிறகு எவ்வளவு ஏறினாலும் அதுக்கு அது வழமையாப் போயிரும். பழகின பெட்டியால ஒருத்தருக்கும் பிரயோசனமில்ல."

சொல்வதற்கு நன்றாகத்தான் இருந்தது. அந்த மணியோடு குடியிருந்தது நான். கரண்ட் தளர்ந்தால் அடிக்கும், மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் அடிக்கும், கம்பி ஆட்டம் கண்டால் அடிக்கும். மீன் சந்தை வரைக்கும் கேட்கும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் மணிக்குள் பழந்துணியைத் திணித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். பின்னேரம் வந்து பார்த்தார். துணியை எடுத்து, உதறி, நாலாக மடித்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஏசியிருந்தால்கூட எனக்குக் கோபம் தீர்ந்திருக்கும்.

இந்தத் துணி விஷயத்தில் அவருக்கு ஏற்கெனவே ஒரு வழக்கு இருந்தது. அதற்கு முன்னொரு நாள் நாங்கள் இரண்டு பேரும் அக்கரைப்பற்றுக்கு பஸ்ஸில் போனோம். பிரேக்குக்குக் காற்றுக் குறைந்தால் கிர்ரென்று கத்துகிற ஒரு சாமான் ட்ரைவரின் காலடியில் இருக்கும். அது எந்நேரமும் கத்துகிறது என்று ட்ரைவர் துணி வைத்து அடைத்திருந்தார். முன் சீட்டில் இருந்த பெட்டிக்காரரின் கண்ணில் அது பட்டுவிட்டது. குனிந்து பார்த்தார், ட்ரைவரிடம் கேட்டார், ட்ரைவர் சிரித்தார். காரைதீவுச் சந்தியில் இவர் மணியை இழுத்துவிட்டு இறங்கிவிட்டார். உச்சி வெயில். "வாங்க மனேஜர், வேற பஸ் வரும்," என்றார். நான் போகவில்லை. பஸ் ஒரு பிழையும் இல்லாமல் அக்கரைப்பற்றுக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் அவரிடம் இதைச் சொல்லி நன்றாகச் சிரித்தேன்.

"அப்ப இண்டைக்கும் துணி அதுக்குள்ளதான் இரிக்கும்," என்றார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யுத்தம் நடந்த அந்த வருஷங்களில் வெடிச்சத்தம் கேட்காத கிழமை கிடையாது. முதலில் கேட்டபோது கடைகளை அடைத்தோம். பிறகு கதவை மட்டும் சாத்தினோம். பிறகு அதுவும் இல்லை. தேநீர்க் கடையில் கதைத்துக்கொண்டிருக்கும்போது தூரத்தில் சடசடவென்று கேட்டால், கதைக்கிறவர் குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்வார், அவ்வளவுதான். பெட்டிக்காரர் மட்டும் பிளேன்டீயை வைத்துவிட்டு எழும்பி நிற்பார்.

"எந்தப் பக்கம்?"

"இரிங்க காக்கா. இது வழமைதானே."

"எப்பவில இரிந்து வழமை?"

அவர் ரோட்டுக்குப் போய் வருகிறவர் போகிறவரிடம் விசாரிப்பார். யாருக்கு என்ன ஆனது என்று தெரியும்வரை வந்து உட்கார மாட்டார். சில நாள் தெரிந்துவிடும். தெரிந்துகொண்டு வந்து சொல்வார், யாருடைய மகன், எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று. கேட்க எங்களுக்கு விருப்பமில்லை. அவர் கடைக்குள் வருவதைக் கண்டால் சிலர் தேநீரை அவசரமாகக் குடித்துவிட்டு எழும்புவார்கள். நானும் எழும்பியிருக்கிறேன். நல்ல மனிதர்தான், ஆனால் பக்கத்தில் இருந்தால் மனம் ஆறுதலாக இருக்காது.

பல வருஷம் கழித்துக் கொழும்பு பஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன். தலை நரைத்திருந்தது. வேண்டுமென்றே "சுகம்தானே?" என்று கேட்டேன். முழங்காலில் தொடங்கினார். என் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வரும்வரை நின்று கேட்டேன், அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

அவர் எங்கள் ஊரில் இருந்தபோது வந்த நோன்பு மாதத்தைத்தான் சொல்ல வந்தேன்.

எனக்கு மகள் பிறந்து சில மாதம். பிள்ளை பிறந்த கையோடு மனைவிக்கு நெருப்புக்காய்ச்சல் வந்து பால் வற்றிவிட்டது. ஆட்டுப்பால் கரைத்துக் கொடுத்தோம், பிள்ளைக்கு வயிற்றால் போயிற்று. குழந்தைப் பால்மாதான் கொடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். பாதை பூட்டிக் கிடந்ததால் கடைகளில் ஒரு பேணிகூட இல்லை. பார்லித் தண்ணீரும் அரிசிக் கஞ்சித் தண்ணீருமாக ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளையின் அழுகைச் சத்தம் நாளுக்கு நாள் சிறுத்துப் போனது. கடைசிப் பத்து நோன்பில் ஒரு வழியாக லொறி வந்து பால்மாவை இறக்கியது. களஞ்சியம் நிறையப் பேணிகள். சாவி என் இடுப்பில். பெட்டிக்காரர் பார்த்து "சரி" என்று சொன்னால் அன்றே வீட்டுக்குக் கொண்டுபோவேன்.

அவர் காலையில் வந்து வெறும் தட்டோடு மூடியைப் போட்டார். மணி அடித்தது. அடிக்கணக்கு மேல் எல்லையைத் தாண்டிவிட்டதாம்.

முதலில் கம்பிகளைப் பார்த்தார், பிறகு குழாயைப் பார்த்தார், ஒன்றிலும் குறையில்லை. வெளியே தகப்பன்மார் கூடத் தொடங்கினார்கள். நோன்பு, வெயில், உள்ளே விடாமல் அடிக்கிற மணி. அவர் கையில் தூக்குகிற சின்ன எண்ணியை எடுத்துக்கொண்டு முற்றத்து வளவுக்கு இறங்கினார். பெருநாளுக்கு முன்னால் வளவுக்குப் புதுக் கடல்மணல் போடுவது எங்கள் கரையில் வழக்கம். வீட்டுக்கும் போடுவோம், பள்ளிவாசலுக்கும் போடுவோம், களஞ்சிய வளவுக்கும் இரண்டு நாளைக்கு முன்தான் போட்டிருந்தோம். மாட்டு வண்டியில் அதைக் கொண்டுவருகிறவர் ஒரு வயதான காக்கா. வருஷத்தில் அவருடைய கையில் காசு புரள்வது அந்தப் பத்து நாளில்தான். அவருடைய மணலில் அங்கங்கே கறுப்புக் கோடு ஓடியிருந்தது. சின்ன எண்ணியை அதன்மேல் பிடித்தால் டிக் டிக் கொஞ்சம் கூடிக் கேட்டது.

எழுபதுகளின் கடைசியில் கோமாரிக் கடற்கரையில் கறுப்பு மண் அளக்க ஒரு கூட்டம் வந்தது, இவரும் அதோடு வந்திருந்தார். அந்த மண் எண்ணியில் சத்தம் போடும் என்பது இவருக்கு மனப்பாடம். நிமிர்ந்து, கூடி நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார். "மண்ணிலதான் வேல. இத அள்ளிப்போட்டாச் சரி."

அவ்வளவுதான் சொன்னார். அது போதுமாக இருந்தது. சனம் கையாலும் மண்வெட்டியாலும் வளவு மணலை வாரி ரோட்டுக்கு அப்பால் எறிந்தது. பின்னேரத்து அஸர் தொழுகைக்குள் ஊர் முழுக்கக் கதை பரவிவிட்டது, வண்டிக்காரர் கொண்டுவந்தது நஞ்சு மண் என்று. ஏற்கெனவே போட்டவர்கள் வாரி எறிந்தார்கள். மண்ணுக்குச் சொல்லி வைத்தவர்கள் வேண்டாம் என்றார்கள். அவருடைய வண்டி மணலோடு ஒரு வாசலில் நிற்க, அந்த வீட்டுக் கதவு திறக்காததை நானே கண்டேன். எனக்கு அப்போது அதில் மனம் போகவில்லை. என் மனம் பேணிகளில் இருந்தது.

மறுநாள் காலையில் மூடியைப் போட்டார். மணி அடித்தது. முந்தின நாளைவிட ஒரு பிடி கூடத்தான் ஏறியிருந்தது.

நான் அவருடைய கையைப் பிடித்தேன். "காக்கா, மேல் எல்லைய இம்மியளவு ஏத்தி உடுங்க. ஒரு ஸ்க்ரூ திருப்பினா முடிஞ்சிது. பெட்டி அதக் கழிச்சிட்டுத்தானே பாக்கும்? என்ட புள்ள கிடக்கிற கிடைய நீங்களே வந்து பாத்ததுதானே."

"பாத்தன்," என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. "இண்டைக்கு ஏத்தினா நாளைக்கும் ஏத்தணும் மனேஜர். என்னெண்டு தெரியாம ஏத்த மாட்டன். எனக்குத் தெரியல்ல. தெரியல்ல எண்டுதான் இது கத்துது."

அவரை அடித்துவிடலாமா என்று இருந்தது. அடிக்கவில்லை. வெளியே போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றேன்.

அவர் பெட்டியை முழுக்கக் கழற்றினார். தட்டை வெளியே கொண்டுபோனார், துடைக்கிற துணியைக் கொண்டுபோனார், மேசையை நகர்த்தினார், ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை எண்ணிப் பார்த்தார். தட்டு வெளியே போனதும் சத்தம் குறைந்தது. தட்டைத் திருப்பி உள்ளே வைக்கக் கையை நீட்டியபோது குழாய் படபடவென்று அடித்தது. தட்டை அப்பால் வைத்துவிட்டு வெறும் கையை நீட்டினார். அப்போதும் படபடத்தது. தன் சட்டைக் கையைப் பார்த்தார்.

அந்த மாதம் பொழுதுபட்டால் ஊரில் கரண்ட் இருக்காது. பள்ளியில் தராவீஹ் தொழுகைக்குப் பெற்றோமாக்ஸ் விளக்குத்தான். அதை ஏற்றுவது, திரி மாற்றுவது எல்லாம் இவர் தானாக எடுத்துக்கொண்ட வேலை. திரி என்றால், எரிந்ததும் வெள்ளைச் சாம்பல் வலையாக நிற்குமே, அந்த மென்டில். தொட்டால் தூளாக உதிரும். அந்தக் காலத்து மென்டிலில் ஒரு மருந்து உண்டு, அதுவும் இந்தக் குழாயை எண்ண வைக்கும். விளக்குப் பிடிப்பவருக்கு அதனால் ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு பொழுதும் அந்தத் தூள் இவருடைய சட்டைக் கையில் ஏறி, காலையில் தட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக.

சட்டையைக் கழற்றி வெளியே எறிந்தார். கிணற்றடியில் முழங்கை வரை சவுக்காரம் போட்டுக் கழுவினார். தட்டைக் கழுவிக் காயவைத்தார். என்னுடைய மேற்சட்டையைத் தன் பெனியனுக்கு மேல் போட்டுக்கொண்டு வந்து மூடியைப் போட்டார். மணி அடிக்கவில்லை. டிக், டிக் என்று பெட்டி வந்த முதல் நாள் கேட்ட அதே நிதானத்தில் கேட்டது. பிறகு பால்மா. லொறியில் வந்த ஒவ்வொரு அட்டைப்பெட்டியிலிருந்தும் ஒரு பேணி உடைத்துப் பரப்பிப் பார்த்தார். எல்லாம் சுத்தம். வியாழன் பின்னேரம் பேணிகள் வெளியே போயின. முதல் பேணியோடு நான் ஓடினேன். அன்று என் மகள் வயிறு நிறையக் குடித்துவிட்டு நித்திரையானாள். நான் தலைமாட்டில் இருந்து அழுதேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்னால் பெட்டிக்காரர் பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கிற மரைக்காரிடம் நின்றுகொண்டிருந்தார். மைக் வேண்டுமாம்.

"என்னத்துக்கு?" என்றார் மரைக்கார்.

"மண்ணில பிழையில்ல எண்டு சொல்ல. பிழை என்ட சேட்டில."

மரைக்காருக்கு விஷயம் விளங்கியதும் முகம் மாறிவிட்டது. "பள்ளி லைற்றில நஞ்சாம் எண்டு சனம் கதைக்கும். பெருநாள் முடியட்டும். பிறகு ஆறுதலாச் சொல்லுவம்."

"வண்டிக்கார காக்காட வேல பெருநாளைக்கு முந்தித்தானே."

நானும் அவரை இழுத்து ஒரு பக்கமாகக் கொண்டுபோனேன். "பால்மா போயிட்டு. ஒருத்தரும் கேக்கல்ல. மண்ணிலயும் கொஞ்சம் சத்தம் இரிந்ததுதானே? அது பொய்யில்லையே?"

"இரிந்தது. கடற்கரை முழுக்க அந்தச் சத்தம்தான் எப்பவும். பக்கத்தில ஒரு பிடி பழைய மண்ண அளந்து பாத்திரிந்தா உடனே தெரிஞ்சிரிக்கும். நான் பாக்கல்ல. சனம் கத்தினது, நானும் ஒண்டச் சொல்லிட்டன்."

தொழுகை முடிந்ததும் கார் பெற்றறியில் ஓடுகிற அந்த மைக்கில் அவருடைய குரல் வந்தது. அவர் பேச்சாளர் இல்லை. கருவி பழுதென்று மேலதிகாரிக்குச் சொல்வது மாதிரித்தான் சொன்னார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். களஞ்சியத்தில மணி அடிச்சதுக்கு நான் மண்ணச் சொன்னன். அது பிழை. மென்டில் சாம்பல் என்ட சேட்டுக் கையில இரிந்து தட்டுக்குப் போயிரிக்கி. லைற்றிலயும் பயமில்ல, சாம்பலத் தொட்டாக் கையக் கழுவுங்க. பெட்டி சரியாத்தான் கத்தினது. பிழை என்னில. வண்டிக்கார காக்கா கொண்டுவந்தது நம்மட கடற்கரை மண். அளந்து பாக்காம அவருக்குப் பழி சொன்னன். அவர் என்னைப் பொறுத்துக்கொள்ளணும்."

வண்டிக்காரர் கடைசிச் சப்பில், தொழுகையின் பின்வரிசையில் இருந்தார். எழும்பி வந்து இவருடைய கையைப் பிடித்தார். "நான் பொறுத்தன் தம்பி. ஆனா வாரி எறிஞ்ச சனம் திரும்ப மண் போடுமா?"

"தெரியா," என்றார் பெட்டிக்காரர்.

அன்று அஸருக்குப் பிறகு வண்டிக்கு முன்னால் நடந்து வாசல் வாசலாகப் போனார். நின்று சலாம் சொல்லி, "மண்ணில பிழையில்ல, பிழை விட்டது நான்," என்பார். வீட்டுக்காரர் வெட்கத்துக்கு ஒரு வண்டி போடச் சொல்லுவார். சிலர் சொல்லவில்லை. அவர் அடுத்த வாசலுக்குப் போவார்.

ஆனால் சனம் சனம்தான். ஜும்ஆ முடிந்து நான் களஞ்சியத்துக்கு வரும்போதே வாசலில் வரிசை. பேணியை வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு தடவை பிழை விட்டவர் பாலிலும் பிழை விட்டிருக்க மாட்டாரா என்று கேட்டார்கள். முந்தின நாள் என் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சிய ஒரு தகப்பன், "வேணாம் மனேஜர், கஞ்சித் தண்ணியே போதும்," என்று மேசையில் வைத்தான். வாய் வலிக்கச் சொல்லிப் பார்த்தேன். பெட்டி கத்தினதே சரி, கத்தாமல் விட்டிருந்தால்தான் பயம் என்றேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மேசை நிறைந்து, தரையில் அடுக்கினோம்.

அத்தனை பேணிகளையும் ஒன்றாகக் கண்டபோது எனக்குள்ளும் பயம் புகுந்துவிட்டது. இத்தனை தகப்பன்மார் வேண்டாம் என்கிறார்கள், நான் மட்டும் என் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

நோன்பு திறக்கிற நேரத்துக்குக் கிட்ட வீட்டுக்குப் போனேன். மனைவி அடுப்படியில் சுடுதண்ணீரோடு இருந்தாள். காய்ச்சலில் மெலிந்த கை. மைக்கில் சொன்னதை அவளும் கேட்டிருந்தாள். பிள்ளை பாய் மேல் கிடந்து பசிக்கு அழுதது. முந்தின நாள் குடித்ததில் குரல் கொஞ்சம் பலத்திருந்தது.

"எல்லாரும் திருப்பிக் குடுக்காங்க," என்றேன். "நாமளும் இதக் குடுத்திருவமா?"

அவள் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஒங்கட சங்கத்தில இத்தின பேர் இரிக்கீங்க. ஒருத்தராவது என்னிலதான் பிழை எண்டு ஊருக்குக் கேக்கச் சொல்லியிரிக்கீங்களா?"

"இல்ல."

"நீங்க தந்த அரிசியையும் மாவையும் இவ்வளவு காலமும் கேள்வியில்லாமத் திண்டுட்டுத்தானே இரிக்கன். இந்த மனிசன் சரி எண்டு சொன்னதையா திருப்பிக் குடுக்கிற? புள்ளையத் தூக்குங்க, தண்ணி ஆறிப்போகுது."

பிள்ளையைத் தூக்கினேன். அவள் பேணியைத் திறந்து கரைத்து, புறங்கையில் ஒரு துளி விட்டுப் பார்த்துவிட்டுப் போத்தலை என் கையில் தந்தாள். பாங்கு சொன்னார்கள். என் இரண்டு கையும் ஓய்வில்லை. அவள்தான் பேரீச்சம்பழத்தை என் வாயில் வைத்தாள். மகள் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, போத்தலை விடாமல் குடித்துக்கொண்டிருந்தாள்.